தண்ணீர்க்காரர் சங்கீன் வீட்டு ஆணி

சங்கீன் சித்தப்பா மட்டும் பிறக்காமல் இருந்திருந்தால் புகாரா நகரம் நாலே நாளில் காய்ந்து, பொடிந்து, காற்றில் பறந்து, பாரசீகத்தில் போய்ப் புழுதியாக விழுந்திருக்கும். அமீருக்குக் கோட்டை உண்டு, பீரங்கி உண்டு, தலையை வெட்டுகிற ஆட்கள் உண்டு. ஆனால் விக்கல் எடுத்தால் அமீரும் சங்கீனின் முதுகைத்தான் நம்ப வேண்டும். அவர் குளத்தில் துருத்தியை முக்கினால் தண்ணீர் ஒரு படி கீழே இறங்கும். அவர் தும்மினால் மசூதி முகட்டு நாரைகள் கூட்டை விட்டுக் கிளம்பி இந்துஸ்தான் வரை போய்விட்டு, பயம் தெளிந்த பிறகுதான் திரும்பி வரும்.

இதில் பாதியை அவரே சொல்லிக்கொண்டார். கொஞ்சம் தெரு சேர்த்தது. மீதி இதை எழுதுகிறவன் சேர்த்தது. உண்மையில் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். சங்கீனுக்கு வாய்த்தது சாயக்காரர் தெருவும் அதையொட்டிய இரண்டு சந்துகளும்தான். மொத்தம் முப்பத்தோரு வீடு.

துருத்தி என்பது ஓர் ஆட்டின் முழுத்தோல். கழுத்துப் பக்கம் வாய், கால் பக்கம் முடிச்சு. நிறைந்துவிட்டால் ஓர் ஆள் கனம் இருக்கும். முப்பது வருஷம் அதைத் தூக்கியதில் சங்கீனின் வலது தோள் இறங்கி, இடது தோள் ஏறி, தூரத்தில் வரும்போது தராசு ஒன்று நடந்து வருவது போலத் தெரியும். முதுகு கோடையிலும் ஈரம், குளிரிலும் ஈரம். வீட்டுக்குள் நுழைந்து, பெண்கள் ஒதுங்குவதற்காக ஒரு தடவை இருமி, ஜாடியில் ஊற்றிவிட்டு, போகிற போக்கில் ஒரு கிண்டலையும் ஊற்றிவிட்டுப் போவார்.

அவருடைய துருத்தியில் ஒரு நாள் ஒருவன் தவளையைப் போட்டுவிட்டான். அது முல்லா வீட்டு ஜாடியில் போய் விழுந்து பெரிய ரகளையாகிவிட்டது. போட்டவன் ரொட்டிச் சூளைக்காரர் மகன், அதாவது இதை எழுதுகிறவன். எழுத்துப் பள்ளியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, அதே முல்லாவின் தலைப்பாகையில் பிசின் தடவியதற்காகத் துரத்தப்பட்டவன். நாரைக் கூட்டில் முட்டை இருக்கிறதா என்று பார்க்க ஏறி விழுந்து, முன்பல் ஒன்றில் பாதியை மசூதிச் சுவரடியில் விட்டு வந்தவன். அவனைப் பற்றி இவ்வளவு போதும். சங்கீன் அவனை அடிக்கவில்லை. தவளையைத் தலைப்பாகைத் துணியில் முடிந்து கொண்டுவந்து சூளை மேடையில் வைத்து, "இது உங்க வீட்டுப் புள்ளையாம். வழி தெரியாம முல்லா வீட்டுக்குப் போயிருச்சு" என்று அவன் அப்பாவிடம் சொன்னார். அடி அதற்குப் பிறகு வேறு கையிலிருந்து விழுந்தது.

சங்கீனுக்கு ஒரே மகன், யோத்கர். பத்தொன்பது வயது. பல் ஒவ்வொன்றும் தச்சன் அளவெடுத்து அடித்த மாதிரி வரிசையாக இருக்கும். அவன் சிரித்தால் சாயக்காரர் தெருவில் ஜன்னல்கள் லேசாகத் திறந்து மூடும். அவனுக்காக ஒரு புதுத் துருத்தி தைத்து, எண்ணெய் போட்டு, வீட்டு உத்தரத்தில் மாட்டி வைத்திருந்தார் சங்கீன். அதை எடுத்துத் தோளில் போட அவனுக்கு மனசு வரவில்லை. ரயில் வந்து ஒரு வருஷமாகியிருந்தது. சார்ஜூயில் ஆமு ஆற்றின் மேல் போட்டிருந்த மரப்பாலத்தை ஆற்று வெள்ளம் வருஷம் முழுக்கத் தின்றுகொண்டிருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று ஊர் ஊராகத் தேடினார்கள்.

"மனுஷன் முதுகுல தண்ணி சுமக்கிற காலம் முடிஞ்சுபோச்சுப்பா. அங்க இரும்புக் குழாயில தானா ஏறுது" என்றான் யோத்கர்.

"குழாய்க்குத் தாகம்னா என்னன்னு தெரியுமாடா?"

"உங்களுக்கு மட்டும் தெரியுமா? நாள் பூரா குளத்துல நிக்கிறீங்க."

பேச்சு இப்படித்தான் சிரிப்பில் ஆரம்பித்தது. நாலு நாளில் அது சிரிப்பாக இல்லை. கடைசி நாள் சங்கீன், போகிறவன் அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கோபத்தில் எந்த அப்பனும் சொல்வதுதான். ஆனால் சொன்ன இடம் வாசற்படி.

எங்கள் பக்கத்தில் ஊருக்குப் போகிறவன் வாசல் தாண்டுமுன் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும். மீதி சுவரில் ஆணியில் தொங்கும். அவன் திரும்பி வந்து முடிக்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது. கடித்தவனுக்காக ரொட்டி காத்திருக்கிற வரையில் அவனுக்கு வழி திறந்திருக்கும். ரொட்டியை நீட்ட வேண்டியவர் வீட்டுப் பெரியவர். சங்கீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு துருத்திக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அதனால் அம்மா ஹோசியத்தான் நீட்டினாள். யோத்கர் கடித்தான். நடுவில் முள் அச்சு குத்திய, எங்கள் சூளை ரொட்டி. ஓரத்தில் பிறை போல ஒரு வாய் அளவு, இழைத்த மாதிரி சீராக விழுந்தது. அவன் போன பிறகு சங்கீன் எழுந்து ஆணி ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தார். ஆடவில்லை. இருந்தும் இன்னொரு தடவை அடித்து இறுக்கினார்.

அந்த வருஷம் வசந்தத்தில் மழை நிற்கவே இல்லை. மண்சுவர்கள் கரைந்து விழுந்தன. பிறகு வெயில் ஒரேயடியாக வந்து ஏறியது. நோன்பு மாதம் அந்த வெயிலில்தான் பிறந்தது. பிறை தெரிந்த மூன்றாம் நாள் மூத்த சாயக்காரர் படுத்தார். நெற்றியைக் கோடாலியால் பிளக்கிற வலி, எலும்பெல்லாம் நொறுங்குகிற நோவு, நெருப்புக் காய்ச்சல். யாருக்கும் அதன் பெயர் தெரியாததால் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ரயில் புகை என்றார்கள். ஈரக் காற்று என்றார்கள். நாவிதர் வந்து ரத்தம் எடுத்தார். முல்லா வந்து ஓதி ஊதினார்.

நோயாளியை விசாரிக்கப் போகாதவனை எங்கள் தெருவில் மனுஷக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். அதுவும் நோன்பு மாதத்தில் போனால் நன்மை பல மடங்கு. அதனால் தெருவே போனது. நோன்பு திறந்ததும் சாயக்காரர் தலைமாட்டில் வட்டமாக உட்கார்ந்து, ஒரே கிண்ணத்தில் தேநீர் ஊற்றி, ஒருவர் குடித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க, கிண்ணம் பன்னிரண்டு வாய் சுற்றி வந்தது. மறுவாரம் அந்தப் பன்னிரண்டு பேரையும் விசாரிக்க மற்றவர்கள் போனார்கள். அவர்களை விசாரிக்கப் போகத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

சங்கீன் படுக்கவில்லை. இரண்டு நாள் இருமினார், மூக்கைச் சிந்தினார், மூன்றாம் நாள் குளத்துக்குப் போய்விட்டார். இப்போது வாசலில் இருமினாலும் உள்ளே ஒதுங்க எழுந்திருப்பவர் இல்லை. கதவைத் தோளால் தள்ளி, ஜாடியை நிரப்பி, கிண்ணத்தில் மொண்டு, கிடப்பவர்களின் வாயருகே வைத்துவிட்டு வருவார். தாகம் அப்படி ஒரு தாகம். முன்பு ஒரு துருத்தி போன வீட்டுக்கு இப்போது மூன்று போனது. முதுகில் அவ்வளவு தண்ணீர் குலுங்க, அவர் நாக்கு மட்டும் பகலெல்லாம் மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கும். நோன்பை அவர் விடவில்லை. உழைப்பாளிக்குச் சலுகை உண்டே என்று முல்லா சொன்னதற்கு, "சலுகையைப் படுத்திருக்கிறவனுக்குக் குடுங்க. நான் நின்னுக்கிட்டிருக்கேன்" என்றாராம்.

மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டுகிற குடும்பம் ஊரில் தனியாக உண்டு. அவர்களும் படுத்துவிட்டார்கள். அந்த வேலைக்குத் தண்ணீர் கொண்டுபோவதும் சங்கீன் தலையில் விழுந்தது. பெரிய உடம்புக்கு இரண்டு துருத்தி. தெருவில் அவர் இரண்டு நடை ஒரே வீட்டுக்குப் போனால், மற்ற வீட்டில் கிடப்பவர்கள் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொள்வார்கள். கேட்கமாட்டார்கள். ஒரு நாள் அப்படி எட்டு வீடு. ரொட்டிச் சூளைக்காரர் வீட்டில் ஒரு துருத்திதான் இறங்கியது. சின்ன உடம்பு. வீட்டுக் கடைக்குட்டி, நாலு வயசு. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத இதை எழுதுகிறவனுக்கு வராது.

ஹோசியத் சித்தி வீடு வீடாகப் போனாள். கஞ்சி கொண்டுபோவாள், நெற்றிக்கு ஈரத்துணி போடுவாள், போகிற இடமெல்லாம் சார்ஜூய்ப் பக்கமிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்பாள். அங்கேயும் இதே நோய் என்று யாரோ சொன்னதிலிருந்து அவள் அதிகமாகப் போனாள். மூன்றாவது வாரத்தில் அவளும் விழுந்தாள். சுவர்ப் பக்கம் முகம் வைத்துப் படுக்கை போடச் சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் ரொட்டி தெரியும். சங்கீன் வேலைக்குப் போகும்போது, "எலி வராம பாத்துக்க" என்று ரொட்டியைக் காட்டிச் சொல்வார். படுத்தபடியே எலியை எப்படித் துரத்துவது என்று அவள் கேட்பாள். "நீ முறைச்சுப் பாரு, போதும். நான் முப்பது வருஷமா ஓடிக்கிட்டிருக்கேன்ல" என்பார். அவள் சிரிப்பாள், சிரிப்பு இருமலாக மாறும், அவர் போய்விடுவார்.

பிள்ளை வந்துவிட வேண்டும். ஹோசியத் எழுந்துகொள்வதும் எழாததும் அதில்தான் இருக்கிறது என்று சங்கீன் முடிவு கட்டியிருந்தார். வந்தால் அந்த வாசற்படிப் பேச்சையும் எடுத்துவிடலாம். எப்படி எடுப்பது என்று குளத்துக்கும் வீடுகளுக்கும் நடுவே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தார். இதெல்லாம் பின்னால் அவர் வாயாலேயே சொன்னது.

நோன்பு முடிய மூன்று நாள் இருக்கும்போது, பகல் சாய்ந்த நேரத்தில், குளத்தங்கரைக்கு வண்டிக்காரன் பெர்தி வந்தான். சார்ஜூயிலிருந்து மாட்டுத்தோல் ஏற்றி வருகிறவன். கன்னம் ஒட்டி, குரல் போய் வந்திருந்தான். தண்ணீர்க்காரர் சங்கீன் யார் என்று கேட்டான். அங்கே கூலிக்காரர்களின் கொட்டகையில் ஆளுக்கு மேல் ஆளாகக் கிடந்தார்களாம். அவர்களில் பல் அழகான ஒரு புகாராப் பையன் வாயில் பெர்தி தண்ணீர் விட்டானாம்.

"என்ன சொன்னான்?" என்று சங்கீன் கேட்டார்.

"தண்ணி கலங்கலா இருக்குன்னான். எங்கப்பா சங்கீன் கொண்டாற தண்ணி இப்படி இருக்காதுன்னான். அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"மறுநாள் போனேன். அந்த இடத்துல வேற ஆள் கிடந்தான். வெளிய மணல்ல குழி வெட்டிக்கிட்டே இருந்தாங்க. பேரெல்லாம் யாரும் கேக்கல, அண்ணே."

சங்கீன் துருத்தியை நிரப்பி முடித்தார். வாயைக் கட்டினார். அன்று பாக்கியிருந்த நாலு வீட்டுக்கும் ஊற்றினார். அதன் பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

ஹோசியத் காய்ச்சல் தூக்கத்தில் இருந்தாள். ரொட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சும்மா பார்க்கத்தான் எடுத்தார். அந்தக் கடியைக் கட்டைவிரலால் தடவினார். அந்த இடத்தில் தன் வாயை வைத்தார். மூன்று மாத ரொட்டி ஓடு மாதிரி இருந்தது. துருத்தியிலிருந்து தண்ணீர் விட்டு நனைத்தார். நோன்பு திறக்க இன்னும் இரண்டு நாழிகை இருந்தது. முப்பது வருஷத்தில் ஒரு நோன்பைக்கூட விடாதவர், வெயில் சுவரில் நிற்கும்போதே ஒரு வாய் தின்றார். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. முழுவதையும் தின்றார். மடியில் விழுந்த தூளையும் விரலில் ஒற்றித் தின்றார்.

அதற்குப் பிறகுதான் மண்டையில் உறைத்தது. செத்துவிட்டான் என்று பெர்தி சொல்லவில்லையே. இடம் காலி என்றுதான் சொன்னான். எழுந்து வேறு கொட்டகைக்குப் போயிருக்கலாம். ஊர் பார்த்து நடக்க ஆரம்பித்திருக்கலாம். கடித்தவன் வழியில் இருக்க, அவன் ரொட்டியை அப்பனே தின்று முடித்திருக்கிறான்.

அவர் வெறும் ஆணியைப் பார்த்தார். ஹோசியத் கண் விழித்தால் முதலில் பார்க்கப் போவதும் அதைத்தான். ரொட்டி வாங்கிவர ஓடினார். சூளை அணைந்து கிடந்தது. சூளைக்காரர் உள்ளே போர்வைக்கடியில் முனகிக்கொண்டிருந்தார். மகனைக் கூப்பிட்டால் மகனைக் காணவில்லை. அடுத்த தெருச் சூளையும் ஆள் இல்லாமல் கிடந்தது. மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் வெறுங்கையோடு திரும்பினார்.

ஆணியில் ரொட்டி தொங்கியது.

முள் அச்சு குத்திய ரொட்டி. ஓரத்தில் பிறை போலக் கடி. சங்கீன் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"என்னங்க, ரொட்டி புதுசா இருக்கிற மாதிரி தெரியுது."

"காய்ச்சல்ல அப்படித்தான் தெரியும்."

"இல்ல. நேத்து சுட்ட மாதிரி இருக்கு." சிறிது நேரம் மூச்சு வாங்கினாள். "அப்ப புள்ள நல்லா இருக்கான். கிளம்பிட்டான். அதான் காட்டுது."

சங்கீன் ஆமாம் என்றார். அந்த ஒரு சொல்லைப் போலக் கனமான துருத்தியை அவர் தூக்கியதில்லை. அவள் அவனுக்கு என்னென்ன சமைக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். மஞ்சள் காரட் நிறையப் போட்டுப் புலாவ். திராட்சை மட்டும் வேண்டாம், அவனுக்குப் பிடிக்காது. சொல்லிக்கொண்டே இருந்து பாதியில் நிறுத்தினாள். பெருநாள் பிறை தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். அவளைக் குளிப்பாட்டச் சங்கீன் இரண்டு துருத்தி கொண்டுவந்தார். பெண்கள் போதும் என்றார்கள். குளத்தின் நடுவே இறங்கிப் பாசி படாத இடத்தில் மொண்டு மூன்றாவதும் கொண்டுவந்தார்.

காய்ச்சல் கோடை முடிவில் தானாகக் களைத்துப் போய்விட்டது. முப்பத்தோரு வீட்டில் ஐந்து வீட்டுக்குத் தண்ணீர் கேட்க ஆள் இல்லை. சங்கீன் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி சார்ஜூய் போனார். ரயிலில் போன முதல் தண்ணீர்க்காரர் என்று தெரு பெருமை பேசப் பார்த்தது. அவர் திரும்பி வந்த முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது. அங்கே மணல் மேடுகள் இருந்தனவாம், காற்று பாதியைத் தட்டையாக்கியிருந்ததாம். மேஸ்திரியின் காகிதத்தில் புகாராக்காரர்கள் பதினேழு பேர் என்று மட்டும் எழுதியிருந்ததாம். பெயர் ஒன்றும் இல்லை. ஆற்றில் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாராம். கலங்கல்தான்.

வந்த மறுநாள் காலை, சூளையில் முதல் ரொட்டி எடுக்கிற நேரத்தில், துருத்தியோடு வந்து நின்றார். சூளைக்காரர் நெஞ்சு பலம் போய் உள்ளே உட்கார்ந்திருந்ததால் மகன்தான் அடுப்புக்குள் கை விட்டுக்கொண்டிருந்தான். சங்கீன் சூடாக ஒன்றை எடுத்து அவனிடமே நீட்டினார்.

"இந்தா, கடி."

"எனக்கெதுக்கு சித்தப்பா? நான் சுடுறவன், திங்கிறவன் இல்ல."

"கடிடா."

கடித்தான். சங்கீன் அதைப் பிடுங்கி, அங்கிக்குள்ளிருந்து அந்த ஆணி ரொட்டியை எடுத்தார். கல் மாதிரி காய்ந்தது. இரண்டையும் ஓரத்தோடு ஓரம் வைத்துப் பிடித்தார். இரண்டிலும் ஒரே பிறை. பிறையின் நடுவில் ஒரே சின்ன மேடு, பல்லில் பாதி இல்லாதவன் கடிக்க முடியாமல் விட்டது.

"என் மகன் பல்லு எனக்குத் தெரியாதா? அன்னிக்குச் சாயங்காலமே தெரியும்."

"ஆடு தின்னுருச்சுன்னு நெனச்சேன்" என்றான் பையன். "கஞ்சி குடுக்க வந்தப்ப காலையில நான்தான் கொல்லைக் கதவைச் சாத்தாம போயிட்டேன். சாயங்காலம் காலையில சுட்ட ரொட்டியோட மறுபடி வந்தா ஆணி வெறுமனே நிக்குது. சித்தி முழிக்கப் போறாங்கன்னு..."

"ஆடு இல்ல. நான்." காய்ந்த ரொட்டியைச் சூளை மேடையில் வைத்தார். "அவன் வழியில இருந்தானோ என்னமோ. நான் முடிச்சிட்டேன்."

பையன் அடுப்புக்குள் கை விட்டு அடுத்த ரொட்டியை எடுத்தான்.

"நோன்போடயா கடிச்ச?"

"துப்பிட்டேன்."

"பொய்."

"பாதி துப்பினேன்."

சங்கீன் தலையாட்டினார். துருத்தியின் வாயை அவிழ்த்து, சூளை மேடையிலிருந்த கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அந்தக் காய்ந்த ரொட்டியை உடைத்து அதில் போட்டு அவன் பக்கம் தள்ளினார்.

"கடிச்சவன்தான் முடிக்கணும். எங்க வீட்டுல அதைக் கெடுத்தது நான் ஒருத்தன் போதும். உக்காரு."